சவப்பெட்டி மேல் ஒரு கோழிக்குஞ்சு

"பெட்டிக் கண்ணாடி மேல கண்ணீர் சொட்டக் கூடாதும்மா! இதுகூடத் தெரியாமலா இந்தத் தொழிலுக்கு வந்தே?" டெல்ஃபின் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "ஆவி கிளம்பாம இங்கேயே சுத்தும்."

"தெரியும் சார்," என்றாள் கறுப்பு உடை போட்டிருந்தவள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்னுதான்."

கூலிக்கு அழ வந்தவளின் குசும்பைப் பார் என்று நினைத்துக்கொண்டார் டெல்ஃபின். ஆனால் அழுகை என்னவோ முதல் தரம். மத்தியானம் திறந்த குழாயை அவள் இன்னும் மூடவேயில்லை.

அந்த வாரம் மணிலாவில் ஒரு நாட்டுக்கு இரண்டு அதிபர்கள். தோற்றவர் மாளிகையை விட்டு நகர மாட்டேன் என்றார். ஜெயித்த செனட்டர், நாளைக் காலை நடுத்தெருவிலேயே பதவியேற்கப் போவதாக அறிவித்துவிட்டார். அதுவரை தெருவில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குச் சோறு போட வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். செனட்டர் கட்சியின் வங்கிக் கணக்குகளை அரசு முடக்கியாயிற்று. நிதி திரட்ட நாலு பேர் கூடினால் கைது. இன்று நிதி சேராவிட்டால் கூட்டம் கலையும். கலைந்தால் முதலில் கம்பி எண்ணப்போவது கட்சியின் நிதிப் பொறுப்பாளரான டெல்ஃபின்தான்.

சாவு வீட்டுக்கு மட்டும் தடையில்லை. ஆகவே, சாவு வீடு என்ற பேரில் சீட்டாடுவதற்காகப் பிணத்தை வாடகைக்கு எடுக்கும் சூதாட்டக்காரர்கள் செய்கிற வேலையை அவரும் செய்தார். கேட்பாரற்ற பிணம் ஒன்றை ருஃபோவின் சவப்பெட்டிக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தார். விதவையாக உட்கார்ந்து அழ ஒருத்தியையும் அனுப்பச் சொன்னார். பணக்காரர்கள் வந்தார்கள், தலை குனிந்தார்கள், தடித்த உறைகளைத் துக்கப் பெட்டியில் போட்டார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் தர்பூசணி விதை கொறித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக வந்த மரக்கடை முதலாளி உறையைப் போட்ட கையோடு வாசலைப் பார்த்தார். "ஆறு மணிக்கு ஊரடங்கு. அதுக்குள்ள பேக்கரியில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகணும்."

"வாடகைப் பிணத்துக்குமா சார் இந்தப் பயம்?" டெல்ஃபின் சிரித்தார்.

"பிணம்னா பிணம்தான். சாவு வீட்டுல இருந்து எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்குப் போனா, ஆவி கூடவே வந்து நடுக்கூடத்துல உட்காந்துக்கும்." அவர் ஓடியே போய்விட்டார். மழையைப் பார்த்துப் போலீஸ்காரரும் கிளம்பினார்.

டொக்... டொக்... என்று ஒரு சத்தம் கேட்டது. டெல்ஃபின் திரும்பினார். பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது.

"இந்தச் சனியனை யாரு இங்க விட்டது?"

"நான்தான் சார்."

"கொலையானவனுக்குத்தானே குஞ்சு விடுவாங்க? அது இங்க கொத்தக் கொத்த, கொன்னவன் நெஞ்சுல குத்தும்பாங்க. இவன் ஏதோ சீக்குல செத்தவன்."

"காலரைச் சரி பண்ணப்போ பார்த்தேன் சார். கழுத்துக்குக் கீழ குண்டு பாஞ்ச ஓட்டை. செவ்வாய்க்கிழமை பாலத்துல சுட்டாங்களே, அதுல விழுந்த ஆளு."

டெல்ஃபின் முதன்முறையாகப் பெட்டிக்குள் நன்றாகப் பார்த்தார். டொக். நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்றது. டொக்.

"அதைத் தூக்கி வெளிய விடும்மா!"

"விடறேன் சார். யாரு சார் சுட்டிருப்பாங்க?" அவள் குரல் தணிந்திருந்தது.

அழுகைக்கூலியிடம் சொன்னால் என்ன, சுவரிடம் சொன்னால் என்ன? யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் மூச்சு முட்டிவிடும் போலிருந்தது.

"எங்க பசங்கதான். காசு கொடுத்து அனுப்பினவன் நான். வானத்தைப் பார்த்துச் சுடுங்கடா, பழைய அதிபர் இருந்தா கலவரம்தான்னு பயந்து பணக்காரங்க நம்ம பக்கம் சாயட்டும்னுதான் சொன்னேன். எந்த முட்டாப் பயலோ தாழச் சுட்டுட்டான். செத்தது யாருன்னுகூட நான் விசாரிக்கல." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இதை மறந்துடும்மா. உன் கூலியை ரெண்டு மடங்காக்கித் தர்றேன்."

குஞ்சு கொத்துவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது.

கைப்பேசி அடித்தது. ருஃபோதான்.

"மன்னிச்சுக்கோங்க பாஸ். பாலத்தை அடைச்சுட்டாங்க. அழறதுக்குச் சொல்லி வெச்சிருந்த பொம்பளை வீட்டை விட்டே கிளம்பல. இப்பதான் லைன் கிடைச்சுது."

"அப்போ மத்தியானத்துல இருந்து இங்க அழுதுக்கிட்டிருக்கிறது யாரு?"

"ஐயையோ, அங்க வந்துட்டாளா? காலையில ஒருத்தி கையில கோழிக்குஞ்சோட கடைக்கு வந்தா பாஸ். பாலத்துல வேர்க்கடலை விக்கப் போன என் புருஷனைக் கொடுங்கன்னு அழுதா. விரட்டிவிட்டேன். எவனோ உங்க விலாசத்தைச் சொல்லியிருக்கான்..."

வெளியே ஊரடங்குச் சங்கு ஊதியது. தெருவில் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சடசடவென்று இறங்கின. பேக்கரிக் கதவும் இறங்கியது.

அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். கண்ணாடி மேல் கிடந்த கண்ணீரை உடை நுனியால் ஒரு சொட்டு விடாமல் துடைத்தாள். பிறகு உள்ளே இருந்த முகத்துக்கு அருகே குனிந்தாள்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள். "இனிமே இங்க இருக்க வேண்டாம். கடையெல்லாம் மூடியாச்சு, சார் எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்குத்தான் போவாரு. கூடவே போங்க."