முன் போர்ஷன்

"வாடகைய சுல்தானா கையில குடுக்காத சகாதேவா, என் கையில குடு" என்றார் ஜானி பாஷா பாய், படுத்த வாக்கிலேயே.

சகாதேவன் குனிந்து ரூபாயை அவருடைய இடது கையில் வைத்தான். வலது கை பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷமாகிறது. அன்று படுத்தவர்தான், இந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. ஊரில் என்ன நடக்கிறது என்பதே மகள் சுல்தானா வந்து சொன்னால்தான் உண்டு. ரூபாயைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, "நான் படுத்ததுலேருந்து ஒரு மாசம் தப்பல நீ. அல்லா உன்ன நல்லா வெப்பான்" என்றார்.

சகாதேவனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இன்றைக்கு அவன் வாடகை கொடுக்க மட்டும் வரவில்லை.

வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பாய் இருந்தது பின் போர்ஷனில். எமர்ஜென்சி சமயத்தில் முன் போர்ஷனுக்குக் குடிவந்து, வாசலில் வாடகை சைக்கிள் கடை போட்டவன் சகாதேவன். நடுவில் மழை பொய்த்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையாமல், மண்டிகள் படுத்து, ஊரே ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு காலம் வந்தது. பாயின் மண்டியும் அதில்தான் போனது. அப்போதெல்லாம் இந்த ரோட்டில் வீடு என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். இப்போது கதையே வேறு. வெள்ளைக்காரர்கள் மாசக்கணக்கில் தங்க வருகிறார்கள். மாட்டுக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தவன்கூட அட்வான்ஸ் கேட்கிறான்.

போன வாரம் புரோக்கர் அருணகிரி சைக்கிள் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான். மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தர் இங்கே லாட்ஜ் கட்ட ஆசைப்படுகிறாராம். வீடு முழுசாக வேண்டுமாம், குடியிருக்கிறவர்கள் ஒருத்தரும் உள்ளே இருக்கக் கூடாதாம், கார்த்திகை தீபத்துக்குள் முடிவு தெரிய வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து சகாதேவன் அதே நினைப்பாக இருந்தான். வருகிற தையில் மகள் வள்ளிக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணமே இந்த வீட்டு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டு நின்றால் பெண் வாழ்க்கைதான் போகும், இன்றைக்குப் பாயிடம் வாயைத் திறந்து பேசாமல் திரும்பி வராதீர்கள் என்று மனைவி ரேணுகாம்பாள் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

படுக்கை ஓரமாக உட்கார்ந்து ஆரம்பித்தான். "பாய், உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"இரு, நான் மொதல்ல சொல்லிடறேன். அப்புறம் எனக்குத் தைரியம் வராது" என்றார் பாய். கோணிப்போன வாயிலிருந்து வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. "சுல்தானாவுக்கு மூணும் பொம்பளப் புள்ளைங்க. மருமவன் சம்பாத்தியம் அவன் பீடிக்கே பத்தல. நான் கண்ண மூடறதுக்குள்ள முன் போர்ஷன அவளுக்கு வுட்டுடணும். ஆசிரமத்துக்கு வர்றவங்களுக்கு ரெண்டு ரூமு வாடகைக்கு வுட்டா பொழச்சுக்குவா. தீபத்துக்குள்ள நீ காலி பண்ணிக் குடுத்துடுப்பா."

டீயோடு வந்த சுல்தானா டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். "அப்பா, அவருகிட்ட போயி அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"நீ சும்மா இரும்மா. எனக்கு மட்டும் ஆசையா?"

பாயின் கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. பத்து வருஷம் ஒரு சுடுசொல் இல்லாமல் இருந்தவனை, பெண் கல்யாணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவனை, வெளியே போ என்று தன் வாயால் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அழுதார். வேங்கிக்கால் பக்கம் வாடகை கம்மியாம், ஆள் விட்டு விசாரிக்கட்டுமா என்று கேட்டார். சைக்கிள் கடை வாசலிலேயே ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு வாடகையே வேண்டாம் என்றார்.

சகாதேவன் காலையிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டான். என்ன மனுஷன் இவர் என்று இருந்தது. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினால் அந்த உயிர் அங்கேயே போய்விடும் என்று பயந்தான். சுல்தானா அவனைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்க பாய். தீபத்துக்குள்ள காலி பண்ணிடறேன்."

"மனசுல கோவம் ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்க."

"நீ என்னமோ பேசணும்னியே?"

"ஒண்ணுமில்லீங்க. வள்ளி கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு நீங்க துவா பண்ணணும்."

பாய் இடது கையைத் தூக்கி அவன் தலையில் வைத்து, வெகுநேரம் முணுமுணுத்தார். சகாதேவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

சைக்கிள் கடையில் ரேணுகாம்பாள் காத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துகொண்டாள்.

"பேசினீங்களா?"

"பாய் தீபத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு. சரின்னுட்டேன். வேங்கிக்கால்ல ஒரு ரூமு பாக்கணும்."

 ரேணுகாம்பாள் அவனுக்கு எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாயோட மண்டிக் கடனுக்கு பேங்க்ல இந்த வூட்ட ஏலம் போட்டப்போ, என் நகையெல்லாம் வித்து நாமதானேங்க எடுத்தோம்? படுத்துக் கெடக்கறவருக்குத் தெரிய வேணாம்னு நம்ம வூட்டுக்கே நீங்க மாசாமாசம் வாடகை குடுத்தீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். வூட்ட வித்து வள்ளி கல்யாணத்த முடிக்கலாம், இன்னிக்காவது அவங்கள காலி பண்ணச் சொல்லிட்டு வாங்கன்னு அனுப்பினா, நீங்க காலி பண்றேன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களே" என்றாள்.