மூன்று டிகிரி

கொட்டகைக்குள் இருப்பது மூன்று பேர்: இரவு வேலை முடித்துக் காலையில் வந்த நான், பக்கத்து வீட்டு கிளெனிஸ், அவள் நாய். நேற்று அவசரத்தில், பீர் ஃபிரிட்ஜின் சூடு அளக்கும் கம்பியை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவில் ஜனவரி கோடைக்காலம்; அந்த வெக்கையைக் கம்பி அளக்க, உள்ளே பீர் உறையும் அளவுக்கு மோட்டார் நிற்காமல் ஓடியிருக்கிறது. ராத்திரி வேலிக்கு அப்பால் அதைக் கேட்டு எழுந்து வந்த கிளெனிஸ், கம்பியை உள்ளே பீர்ப் பீப்பாயோடு ஒட்டிவைத்திருக்கிறாள். சிவப்பு எழுத்தில் மூன்று டிகிரி. அரை கிளாஸ் பிடித்து வெயிலில் காட்டுகிறாள். ஐஸ் இல்லை, நுரை நிற்கிறது.

“மத்தியானம் உங்கப்பன் எழுபதாவது பொறந்தநாளுக்குப் பீரைக் கோடாலியால வெட்டியா ஊத்தியிருப்ப?”

“நீ வரலேன்னா அவர் மூஞ்சில முழிச்சிருக்க முடியாது, கிளெனிஸ்.”

“ரொம்ப உருகாத. போய்த் தூங்கு.”

இன்னொரு முறை பார்க்க ஃபிரிட்ஜ் கதவைத் தொடுகிறேன். என் கையைத் தட்டிவிட்டு, என்னை வெளியே தள்ளி, கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.