நெப்போலியனுக்கு மேலே

"நெப்போலியனுக்குக் கீழ போனால் பெண் இல்லை, தம்பி. இப்பவே சொல்லிப்போட்டன்."

பஸ்தியாம்பிள்ளை கேள்வித்தாளை நீட்டினார். கதிரை நுனியில் இருந்தபடி அல்பிரட் வாங்கினான். பெண் கேட்டு வந்தவனுக்குத் தேத்தண்ணிக்கு முதல் பென்சில் வந்தது.

சுவரில் திருவிருதயப் படம். அதன் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் உலகப் பெரியவர்களின் ஐ.கியூ. கதே 210. நியூட்டன் 190. நெப்போலியன் 145. நெப்போலியனுக்குச் சற்று மேலே நீல மையால் ஒரு பெயர் செருகப்பட்டிருந்தது: பஸ்தியாம்பிள்ளை 148.

"நான் வேலை செய்த நேவி டொக்யார்ட்டை மூடிப்போட்டுப் போகேக்க வெள்ளைக்காரத் துரை தந்த புத்தகத்தில இருந்து எடுத்தது. சோதனையும் அதிலதான்."

"ஐயா, நியூட்டன் செத்து இருநூறு வருசத்துக்கு மேல. அவர் எப்ப இந்தச் சோதனை எழுதினவர்?"

"அதுதான் விஞ்ஞானம். செத்தவனையே அளந்திருக்கிறாங்கள். உயிரோட இருக்கிற உமக்கு என்ன கஷ்டம்? எழுதும்."

அல்பிரட் பென்சிலைக் கையில் எடுத்தான். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கும் பாக்கியரத்தினம் இதே கதிரையில் இருந்து அறுபத்தொன்று எடுத்த கதை ஓர்ஸ் ஹில் ஊர் முழுக்கத் தெரியும். காணி பூமி உள்ள மாப்பிள்ளை. பஸ்தியாம்பிள்ளையின் சொந்த அக்கா கொண்டுவந்த சம்பந்தம். "நான் என்னக்கா செய்ய? விஞ்ஞானம் ஒத்துக்கொள்ளேல்லயே" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அல்பிரட்டிடம் காணியும் இல்லை, அக்காவின் சிபாரிசும் இல்லை. துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி எண்ணுகிற வேலை. கோயில் பாட்டுக்குழுவில் பஸ்தியாம்பிள்ளையின் மகள் எல்சிக்குப் பின்வரிசை. அவ்வளவுதான்.

முதற் கேள்வி: கப்பல், ரயில், லொறி, மாடு. இதில் சேராதது எது?

கப்பல் என்று எழுதினான். மற்ற மூன்றும் துறைமுக ஜெட்டிவரை வரும். கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், வத்தைத் தோணியில்தான் போகவேண்டும்.

அடுத்தது ஒரு படம். பனியில் ஓடும் சக்கரமில்லாத வண்டி. இதில் இல்லாதது என்ன?

நெடுநேரம் பார்த்து, 'மாடு' என்று எழுதினான்.

அதற்குப் பிறகு முக்கோணமும் வட்டமுமாக வந்தன. வியர்வை தாளில் சொட்டியது. அரைவாசிக்கு மேல் வெறுமையாகவே கிடந்தது.

"நேரம் சரி! பிள்ளை எல்சி, வந்து திருத்து. எனக்கு இந்தச் சின்ன எழுத்துத் தெரியாது."

எல்சி வந்தாள். அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தாளை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் தொடர்ந்து கேட்டது. சத்தம் நின்றதும் குரல் வந்தது.

"நூற்றி நாற்பத்தாறு, அப்பா."

"பார்த்தீரே! நெப்போலியனைவிட ஒண்டு கூட, என்னைவிட ரெண்டு குறைய. அளவான மாப்பிள்ளை!"

சந்தோசப்பட அல்பிரட்டால் ஏலவில்லை. பொய்யில் தொடங்குகிற கலியாணம் எத்தனை நாளைக்கு?

"ஐயா, இதில பிழை இருக்கு. நான் அரைவாசிதான் எழுதினனான். கோயில் பாதரிட்டக் குடுத்துத் திரும்பத் திருத்துவம். அவர் அமெரிக்கன், பனி வண்டியெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

பஸ்தியாம்பிள்ளையின் முகம் சுருங்கியது. எழுந்து வாசல் படலையடிக்குப் போனார்.

எல்சி தேத்தண்ணியோடு பாய்ந்து வந்தாள்.

"உங்களுக்கென்ன விசரே?"

"நான் உண்மையைத்தானே..."

"பாதர் வந்தா அப்பான்ர பேப்பரையும் கேட்பார். அதையும் திருத்தினது நான். டொக்யார்ட்டால நிப்பாட்டின கிழமை அப்பா சாப்பிடவுமில்லை, ஆரோடயும் கதைக்கவுமில்லை. நான்தான் இந்தச் சோதனையைக் குடுத்து, நெப்போலியனுக்கு மேல போட்டனான். அண்டைக்குத்தான் வாய் திறந்து சோறு கேட்டவர்."

"உண்மையில அவருக்கு எவ்வளவு?"

"நெப்போலியன்ர குதிரைக்குக் கிட்ட வரும்."

"எனக்கு?"

"உங்கட பேப்பரை நான் திருத்தினாத்தானே தெரியும். தேங்காயெல்லோ துருவினனான்."

அல்பிரட் தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்துவிட்டுப் படலையடிக்கு ஓடினான். பஸ்தியாம்பிள்ளை தூரத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். நூற்றி நாற்பத்தாறு சரி. பாதர் வேண்டாம்."

அவர் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குச் சொல்லிப்போடாதையும், தம்பி. என்ர பேப்பரும் அரைவாசி வெறுமைதான். அக்கா கொண்டுவாற சம்பந்தத்தை வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. வாற மாப்பிள்ளைமாரையும் இவளே தன்ர விருப்பப்படி திருத்தட்டும் எண்டு விட்டிட்டன்."