பாறைக்கு அந்தப் பக்கம்

தீவின் நடுவே ஒரு மொட்டைப் பாறை. வெயில் ஏறினால் தோசைக்கல்தான். அதற்குக் கிழக்கே இருந்த காட்டில் வாழ்ந்த செவலை என்ற பெண் ஓணானுக்கு மகனைப் பற்றித்தான் கவலை.

"சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி, போடுற முட்டையெல்லாம் கூமுட்டையாப் போகுது. பாறையைத் தாண்டி மேற்குக் காட்டுல பொண்ணு பார்க்கலாமே?" என்றாள் புருஷன் கொண்டையனிடம்.

"அந்தப் பக்கம் சம்பந்தம் பண்றது நம்ம பரம்பரையிலேயே கிடையாது. அவங்க தலையாட்டுற விதமே சரியில்ல!"

அந்த வருஷம் மழை விடாமல் கொட்டியது. பாறை முழுக்கப் புல்லும் கொடியும் படர்ந்தன. ஒருநாள் காலை புருஷனைத் தேடிப்போன செவலை, பாறை நடுவில் அவனைக் கண்டாள். மேற்கே பார்த்து, அந்தப் பக்கத்து ஓணான்களின் பாணியிலேயே தலையாட்டிக்கொண்டு நின்றான்.

"என்னங்க, பரம்பரை என்னாச்சு?"

"அட, சீக்கிரம் வா! இன்னிக்குக் கால் சுடவே இல்ல."