கன்னியம்மாவின் கருவாட்டுக் குழம்பு

வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று எங்கள் குடியிருப்பு அடுப்புகளுக்குத் தெரியும். ஆகாததை ஏற்றினால் எரியாது. வேறு தீ மூட்டினால் வாரியத்தார் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

என் மனைவி கன்னியம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. இனித் தேறாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ஒரே ஒரு வாய்.

மூட்டை இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் கருவாடு வாங்கிவந்து ஏற்றிப் பார்த்தேன்.

“கன்னியம்மா உடம்புக்கு உப்பு ஆகாது. சுரைக்காய் வேகவைக்கலாமே” என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுப்பு அணைந்துகொள்ளும்.

“மாமியா இல்லாத வூடுன்னுதான்யா உன்னக் கட்டிக்கினேன். இப்ப அடுப்பே மாமியாவா வந்து குந்தியிருக்குது” என்று கன்னியம்மா சிரித்தாள்.

சுரைக்காயைத் தின்றுகொண்டே போய்ச் சேர்ந்தாள்.

படையலன்று, அம்மாவுக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமே என்று மகள் சுகந்தி அதே குழம்பைக் கூட்டினாள். எரியாது என்று தெரிந்தேதான் சட்டியை ஏற்றினாள். தீ குப்பென்று பிடித்தது. அடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை.

“எரியுதுப்பா” என்றாள். சட்டியைக் கிண்டிக்கொண்டே, “அடுப்புலேர்ந்து அம்மா பேர எடுத்துட்டாங்க போல” என்றாள்.

குழம்பு கொதித்து வீடெல்லாம் மணத்தது. படைக்கிறதை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. உப்புப் பார்க்காமலே இலையில் ஊற்றினோம்.