கிடைக்காத கார்டு

"இப்போதைக்கு உங்களுக்குப் புதுக் கார்டு கிடைக்காது சார். பழைய கார்டை மூடிடாதீங்க."

அவ்வளவுதான். காரணம் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள், பேங்க்கில் கார்டு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"புதுக் கார்டு இல்லைன்னுட்டா."

"போனாப் போகுது. ஏர்போர்ட்ல ஓசிச் சாப்பாடு போடுறாங்கன்னு கார்டை மாத்தக் கிளம்பினீங்க. நாம என்ன வாரா வாரம் பறக்கிறோமா?"

"புரியாமப் பேசாதே! ஒரு கார்டுக்கே லாயக்கில்லைன்னா, அடுத்த வாரம் வீட்டுக் கடனுக்குப் போய் நின்னா எவன் கொடுப்பான்?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இருக்கிற வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. புது ஃபிளாட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. கடன் வராவிட்டால் அட்வான்ஸ் அம்போ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

"அந்தப் பொண்ணு மூஞ்சி அன்னிக்கே சரியில்லைங்க. வீட்டுக் கடன் கேட்கப் போறோம், இப்பக் கார்டை மாத்தலாமான்னு கேட்டேன்ல? வாயே திறக்கலை. பின்னாடி நின்ன சூப்பர்வைசர்தான் பாவம், 'தாராளமா மாத்துங்க மேடம்'னு சிரிச்ச முகமா சொன்னாரு."

"ஃபாரத்துல எதையோ தப்பா எழுதித் தொலைச்சிருக்கா. அவளை விடப்போறதில்லை!"

அன்றே பேங்க்குக்குப் புகார் அனுப்பினான். அலட்சியம், திமிர், மரியாதை தெரியாதவள் என்று வாயில் வந்ததெல்லாம் எழுதினான். அனுப்பிய பிறகும் பயம் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. புது வீட்டில் யாருக்கு எந்த ரூம் என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டபோது, "முதல்ல வீடு வரட்டும்!" என்று எரிந்து விழுந்தான்.

அடுத்த வாரம், அதே பேங்க்கின் மாடியில் கடன் அதிகாரி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... போன வாரம் ஒரு கார்டு கேட்டோம். இல்லைன்னுட்டாங்க..." அவனே உளறிவிட்டான்.

"எந்தக் கார்டு? கேட்டிருந்தா இங்க பதிவாகியிருக்குமே. உங்க பேர்ல விண்ணப்பமே போகலையே."

"போகலையா?"

"போகாததே நல்லதாப் போச்சு. வீட்டுக் கடன் கேட்கிற நேரத்துல புதுக் கார்டு வாங்கி, இத்தனை வருஷப் பழைய கார்டையும் மூடியிருந்தா, உங்க கிரெடிட் ஸ்கோர் சரிஞ்சிருக்கும். நானே திருப்பி அனுப்பியிருப்பேன். இப்ப ஒரு குறையும் இல்லை. கடன் கிடைச்சுடும், கவலையை விடுங்க."

படியிறங்கும்போது மனைவி சட்டென்று நின்றாள்.

"ஏங்க... பின்னாடி சூப்பர்வைசர் நின்னதாலதான் அவ வாயைத் திறக்கலை. வேணும்னேதான் அந்த ஃபாரத்தை அனுப்பாம வெச்சிருக்கா."

இருவரும் ஓட்டமும் நடையுமாகக் கார்டு கவுண்டருக்கு வந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது.

சூப்பர்வைசர் ஓடிவந்து கை குலுக்கினார்.

"உங்க புகார் வந்த அன்னிக்கே அந்தப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பியாச்சு சார். உட்காருங்க, புதுக் கார்டை நானே போட்டுத் தர்றேன்."