கேட்பதற்கு முன் வரும் பதில்

பக்கத்து வீட்டு டெய்லர் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து தைப்பார். எது வேண்டுமென்றாலும் அங்கிருந்தே கத்துவார். அண்ணி சமையலறையிலிருந்து பதில் சொல்வார்.

போன மாத நிலநடுக்கத்தில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தரை பிளந்து, சமையலறைப் பக்கம் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. அளக்க வந்த ஆய்வாளர், "அடியில ரெண்டு பாறைத்தட்டு ஒண்ணையொண்ணு தள்ளிட்டு நிக்குது. சிக்கினதுல பாதிதான் விட்டிருக்கு. மீதி விடும்போது பெருசா குலுங்கும்," என்றார்.

அன்றிலிருந்து அண்ணியின் பதில் கேள்விக்கு முன்பே வருகிறது. "கத்தரி பீரோ மேல இருக்கு," என்பார். அப்புறம்தான் அண்ணன் கத்தரியைத் தேடுவார்.

"நான் கேக்கவே இல்லையே."

"இப்பத்தானே கேட்டீங்க," என்று அண்ணி சிடுசிடுப்பார்.

இந்தக் கூத்தைப் பார்க்கவே ஏதாவது துணியை எடுத்துக்கொண்டு தினமும் போய், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இன்று அண்ணன் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து அண்ணியின் குரல் நடுங்கி வந்தது. "கத்தாதீங்க. மூச்சைச் சேத்து வைங்க. ஆளுங்க சுவரைத் தூக்கிட்டிருக்காங்க."

அண்ணன் ஊசியோடு என்னைப் பார்த்தார். "நான் வாயே திறக்கலையே?"

சுவர் நேராகத்தான் நின்றது.

"பக்கத்து வீட்டம்மாவா?" என்றது உள்ளிருந்த குரல். "அவங்ககிட்ட இருந்து பேச்சே இல்லைங்க."

இந்தத் தெருவில் என்னைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதே இல்லை.